கீழ்வீட்டுக் குழாய்கள்

இந்த இதழுக்குப் புலம்பெயர் கவிதை பற்றி எழுதித் தரும்படி நண்பர் கேட்டு மூன்று மாதமாகிறது. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் கீழே பேஸ்மென்றில் கொங்கிறீற் உடைக்கிற சத்தம். கடைசியில் அந்தச் சத்தத்தைப் பற்றியே எழுதிவிடலாம் என்று தோன்றியது. கவிதையும் இதில் கொஞ்சம் வரும். போதாது என்றால் நண்பர் மன்னிக்கவேண்டும்.

வீடு ஸ்காபரோவில் இருக்கிறது. 1954ல் கட்டியது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு ரொறன்ரோவின் ஓரங்களில் வரிசை வரிசையாகக் கட்டித் தள்ளிய ஒற்றைத்தட்டுச் செங்கல் வீடுகளில் ஒன்று. 1998ல் வாங்கினோம். கீழே பேஸ்மென்றில் ஒரு சமையல் மூலை, இரண்டு அறை, ஒரு குளியலறை. நாங்கள் வாங்கும்போதே அவை இருந்தன. யார் கட்டினார்கள், எப்போது, அனுமதி எடுத்தார்களா என்றெல்லாம் நாங்கள் விசாரிக்கவில்லை. வாடகை எவ்வளவு வரும் என்று விசாரித்தோம். வங்கிக் கடனே அந்தக் கணக்கில்தான் நின்றது. பிறகு வந்த வருஷங்களில் ஆறு குடித்தனங்கள் அங்கே இருந்துவிட்டுப் போயின.

2023 இலையுதிர் காலத்தில் மகனும் மருமகளும் கீழே வந்து இருக்கப்போவதாகச் சொன்னார்கள். இந்த நகரத்தில் வீடு வாங்குவது இனித் தங்களால் ஆகாது என்ற முடிவுக்கு அவர்கள் வந்திருந்தார்கள். மகன் ஒரு நிபந்தனைதான் வைத்தான்: "அப்பா, அந்த பாத்ரூமை மட்டும் உடைச்சுப் புதுசாக் கட்டவேணும்." நியாயமாகப் பட்டது. அடுத்த வாரமே ஆள் தேடத் தொடங்கிவிட்டேன். முந்திய ஆறு குடித்தனங்களில் குறைந்தது மூன்று பேர் இதே வேண்டுகோளை வைத்திருந்தார்கள் என்பது அந்த வாரம் நினைவுக்கு வரவில்லை.

குளியலறையைப் புதிதாகக் கட்ட நகரசபையிடம் அனுமதி வேண்டும். அதற்கு வரைபடம் வேண்டும். இருக்கிறது எப்படி, வரப்போவது எப்படி என்று இரண்டு படம். வரப்போவதை வரைந்துவிடலாம். இருப்பதுதான் தகராறு. நகரசபைக் கோப்பில் எங்கள் வீட்டின் பழைய படம் ஒன்று கிடைத்தது. சுவர்கள் எல்லாம் இருக்கின்றன, ஜன்னல்கள் இருக்கின்றன, உலை நிற்கிற இடம்கூட இருக்கிறது. கீழே குளியலறை இல்லை. நிலத்தின் கீழ் தண்ணீர் போகிற வழியும் இல்லை. இருப்பது என்னவென்று தெரியாமல் அதை மாற்றப் புறப்படக்கூடாது என்று முப்பது வருஷமாக விமர்சனக் கட்டுரைகளில் மற்றவர்களுக்குச் சொல்லிவந்தவன் நான்.

குழாய் வேலைக்கு வந்தவர் வடமராட்சிக்காரர். நாற்பது வயதிருக்கும். ஒரு இத்தாலியக் கிழவரிடம் பத்து வருஷம் தொழில் பழகினவர். கருவி எதையும் வெளியில் எடுக்காமல் முதலில் ஒரு தாளும் பென்சிலும் கேட்டார். வீட்டில் தண்ணீர் விழுகிற இடம் ஒவ்வொன்றையும் எழுதச் சொன்னார். மேலே குளியலறையில் மூன்று, சமையலறைத் தொட்டி, கீழே குளியலறையில் மூன்று, கீழ்ச் சமையல் தொட்டி, உடுப்புத் தோய்க்கிற மெஷின், உலைக்குப் பக்கத்தில் தரையிலுள்ள வடிகண். நான் பத்து எழுதினேன். அவர் பார்த்துவிட்டு, "மழைத் தண்ணி எங்க அண்ணை?" என்றார். கூரைப் பீலியிலிருந்து இறங்குகிற குழாயையும், அத்திவாரத்தைச் சுற்றி மண்ணுக்குள் கிடக்கிற வடிகுழாயையும் நான் விட்டுவிட்டேன். இந்த இரண்டாவதை இங்கே 'வீப்பிங் டைல்' என்கிறார்கள். அழுகிற ஓடு. கவிதையில் போட ஆசை வரும், போடவேண்டாம். பழைய வீடுகளில் அது ஒன்றுக்கொன்று ஒட்டாமல் வைத்த சுட்ட மண் குழாய்த் துண்டுகள், அவ்வளவுதான். இடைவெளியால் ஈரம் உள்ளே வந்து வடிந்துபோகும்.

ஒரு பழைய வீட்டின் கழிவுக் குழாய்களைக் கண்டுபிடிப்பது விசித்திரமான காரியம். நல்ல தண்ணீர்க் குழாயில் அழுத்தம் இருப்பதால் அது நினைத்த பக்கம் ஏறும், இறங்கும், வளையும். அதன் போக்கை வைத்து எதையும் ஊகிக்க முடியாது. கழிவுநீருக்குச் சரிவைத் தவிர வேறு பலம் கிடையாது. அடிக்குக் கால் அங்குலம் என்பது இங்கே பொதுவான கணக்கு. ஆகவே அது எங்கே தொடங்குகிறது, எங்கே வீட்டைவிட்டு வெளியேறுகிறது என்ற இரண்டும் தெரிந்தால், இடையில் எந்த ஆழத்தில் கிடக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். கட்டினவன் ஒழுங்காகக் கட்டியிருந்தால்.

எங்கள் வீட்டில் மேலிருந்து கீழே இறங்குவது ஒரு வார்ப்பிரும்புக் குழாய். ஒரு துண்டின் வாய்க்குள் அடுத்த துண்டைச் செருகி, இடைவெளியில் தார் தோய்ந்த சணல் நாரை அடைத்து, அதன்மேல் ஈயத்தை உருக்கி ஊற்றி இணைத்தது. இந்த வேலை தெரிந்தவர்கள் இப்போது குறைவு. தரைக்குக் கீழே போனதும் இரும்பு முடிந்து சுட்ட மண் குழாய் தொடங்குகிறது. வீட்டின் முன்சுவருக்கு அருகே தரையில் ஒரு பித்தளை மூடி. அடைப்பு எடுப்பதற்கான வாய் அது. இருபத்தைந்து வருஷமாக அதன்மேல் ஒரு அரிசி மூட்டை இருந்தது.

மூடியைத் திறந்துவிட்டு அவர் அதன் பக்கத்தில் குந்தியிருந்தார். நான் மேலே ஓடிப்போய் ஒவ்வொன்றாகத் தண்ணீர் திறந்துவிடவேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றுதான், மற்றதெல்லாம் மூடி. பிறகு கீழே ஓடிவந்து அவர் தாளில் கோடு போடுவதைப் பார்க்கவேண்டும். எனக்கு அறுபத்தாறு வயது. நாலாவது தடவை மனைவி அந்த வேலையைப் பொறுப்பேற்றாள். நான் கீழே அவரோடு இருந்து, ஒரு வெள்ளித் தம்ளரைச் சுவரில் வைத்துக் காதைப் பொருத்திக் கேட்டேன். இரும்புக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் வேறு, மண் குழாயில் ஓடுகிற சத்தம் வேறு. அரை மணி நேரத்தில் வித்தியாசம் பிடிபட்டுவிடுகிறது.

அப்போதுதான் மனைவி மேலே கக்கூஸில் தண்ணீர் அடித்தாள். கீழ்க் குளியலறையில் கைகழுவுகிற தொட்டி 'மடக்' என்று ஒரு மிடறு விழுங்கியது. நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். "இன்னொருக்கா அடிக்கச் சொல்லுங்கோ" என்றார். இன்னொரு மிடறு.

ஒவ்வொரு தொட்டிக்குக் கீழும் குழாய் வளைந்திருக்கும். ட்ராப் என்பது அதுதான். அந்த வளைவில் இரண்டு அங்குலம் போலத் தண்ணீர் எப்போதும் நிற்கும். அது ஒரு பூட்டு. மனிதனுக்கும் அவன் கழிவின் ஆவிக்கும் நடுவில் இருப்பது அவ்வளவுதான். 1775ல் அலெக்சாண்டர் கமிங் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் கக்கூஸுக்கான இந்த வளைவுக்குக் காப்புரிமை எடுத்தார். அவர் தொழில் கடிகாரம் செய்வது. வளைவு வேலை செய்யவேண்டுமானால் அருகே ஒரு காற்றுக் குழாய் ஏறிக் கூரைக்கு மேலே திறக்கவேண்டும். பெரிய குழாயில் தண்ணீர் விழும்போது தனக்குப் பின்னால் காற்றை இழுக்கும். காற்று வர வழியில்லாவிட்டால் பக்கத்தில் இணைந்திருக்கிற சின்னக் குழாயின் வளைவுத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு அந்த வழியால் காற்று வரும். பிறகு பூட்டு இல்லை. சாக்கடையின் மூச்சு நேரே அறைக்குள் வரும்.

எங்கள் கீழ்த் தொட்டிக்குக் காற்றுக் குழாய் கிடையாது. கட்டினவன் அதை நேரே பெரிய இரும்புக் குழாயில் துளைத்துச் செருகியிருக்கிறான். மேல்வீட்டில் ஒவ்வொரு முறை நாங்கள் தண்ணீர் அடிக்கும்போதும் கீழ்வீட்டுக்காரரின் பூட்டை நாங்கள் உறிஞ்சி எடுத்திருக்கிறோம். கீழே ஒருவர் குழாயைத் திறந்து கை கழுவினால் வளைவு மறுபடி நிரம்பும். இரவில் நிரம்பாது. வேலைக்குப் போய்விட்ட பகலிலும் நிரம்பாது.

2009ல் ஒரு இளம் சோடி கீழே இருந்தார்கள். மட்டக்களப்புப் பக்கம். அவர் இரவு வேலை, அந்தப் பிள்ளை பகல் வேலை. ஒருநாள் மேலே வந்து வாசலில் நின்றபடி, "அண்ணே, குளிக்கிற அறை சரியா நாறுது" என்றார். நான் கீழே போய்ப் பார்த்தேன். போன நேரம் அந்தப் பிள்ளை பாத்திரம் கழுவி, கை கழுவி எல்லாம் முடித்திருந்த நேரம். எனக்கு மணக்கவில்லை. "நீங்கள் மீன் சமைச்சுப்போட்டு ஜன்னல் திறக்கிறேல்லை, அதுதான்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு இரண்டு முறை சொன்னார். இரண்டாவது முறை ஊதுபத்தி வாங்கிக் கொடுத்தேன். வாசம் வருகிற மெழுகுதிரியும். அடுத்த மாரிக்கு முன் அவர்கள் போய்விட்டார்கள். 'மீன்காரர்' என்று அவர்களைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு பகிடி கொஞ்சக் காலம் இருந்தது.

இங்கே கவிதை வருகிறது. நாங்கள், 1983க்குப் பிறகு இந்த நகரத்துக்கு வந்தவர்கள், பேஸ்மென்றை நிறைய எழுதியிருக்கிறோம். நான் 1987ல் வந்து நாலு வருஷம் ஒரு பேஸ்மென்றில் ஐந்து பேரோடு இருந்தேன். ஒரே குளியலறை. அதைப் பற்றி நான் எழுதிய மூன்று கவிதைகளில் ஒன்றில் அது கல்லறை, ஒன்றில் பதுங்குகுழி, ஒன்றில் கருப்பை. ஜன்னலில் தெரிகிற கால்கள், பனி, தலைக்கு மேலே நடக்கிற வீட்டுக்காரனின் சப்பாத்துச் சத்தம். இவை எங்கள் படிமக் களஞ்சியம். பொய்யில்லை, அனுபவம்தான். ஆனால் நாங்கள் எழுதியதெல்லாம் குடியிருந்தவனின் பேஸ்மென்ற். எங்களில் பலர் பத்துப் பதினைந்து வருஷத்தில் மேலே ஏறிவிட்டோம். சப்பாத்து எங்கள் காலுக்கு வந்துவிட்டது. கவிதை மட்டும் கீழேயே இருந்துகொண்டு மேலே பார்த்து அழுகிறது. வாடகை வாங்கினவனின் பேஸ்மென்றை நான் ஒரு வரி எழுதினதில்லை. என் தலைமுறையில் எழுதினவர் யாரையும் நான் வாசித்ததும் இல்லை. இதை உத்தியின் பிரச்சினை என்றோ படிமம் தேய்ந்துபோனது என்றோ விமர்சகர்கள் சொல்லக்கூடும். நானே ஒரு கூட்டத்தில் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்பதாவது இடத்துக்கு வந்தபோது, கீழ்க் குளியலறையின் ஷவருக்கு, அவர் சாயம் கேட்டார். அதற்கென்று தூள் விற்கிறார்கள். அன்று அவர் கையில் இல்லை. மனைவி மஞ்சளைக் கொண்டுவந்தாள். மஞ்சள் கரையாது, அடியில் தங்கிவிடும் என்றார். அலுமாரியில் கேசரிப் பவுடர் இருந்தது, சிவப்பும் பச்சையும். முதலில் சிவப்பைக் கரைத்து மேலே கக்கூஸில் ஊற்றி அடித்தோம். பித்தளை மூடியின் வாயில் கொஞ்ச நேரத்தில் சிவப்பு ஓடியது. பச்சையைக் கீழே ஷவரில் ஊற்றி இரண்டு வாளி தண்ணீரும் விட்டோம். காத்திருந்தோம். பச்சை வரவில்லை. இன்னும் இரண்டு வாளி. வரவில்லை. ஷவரில் தேங்கியும் நிற்கவில்லை. தண்ணீர் எங்கேயோ சுகமாகப் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் கமெரா கொண்டுவந்தார். ஒரு தடித்த கம்பியின் நுனியில் சின்ன விளக்கும் கண்ணும். எத்தனை அடி போயிருக்கிறது என்று திரையின் மூலையில் இலக்கம் ஓடும். நுனி எங்கே நிற்கிறது என்பதை மேலே தரையில் ஒரு கருவியை வைத்துக் கேட்கலாம். ஷவர்க் குழாய் ஐந்து அடி கறுப்புப் பிளாஸ்ரிக்காகப் போய், பிறகு ஒரு பழைய மண் குழாயின் வயிற்றில் துளைபோட்டு நுழைந்திருந்தது. சுற்றிலும் சீமெந்தை அப்பியிருந்தார்கள். அதன்பின் மண் குழாய் நெடுகப் போனது. இணைப்புகளில் மேப்பிள் வேர்கள் மயிர்போலத் தொங்கின. கருவியோடு நான் வெளியில் புல்லின்மேல் நடந்தேன். தெரு விளிம்பில் நின்றேன்.

"அண்ணை, இது மழைத்தண்ணிக் குழாய்" என்றார்.

ஸ்காபரோவில் தெருவுக்குக் கீழே இரண்டு குழாய் உண்டு. ஒன்று கழிவுக்கு. அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. மற்றது மழைக்கு. அது சுத்திகரிப்புக்குப் போவதில்லை, நேரே ஓடைக்குப் போகிறது. எங்கள் பகுதியில் ஹைலண்ட் கிறீக். அங்கிருந்து ஒன்ராறியோ ஏரி. ஆறு குடித்தனங்களும் குளித்த தண்ணீர் சவர்க்காரத்தோடு அந்த ஓடைக்குப் போயிருக்கிறது. கக்கூஸ் சரியான குழாயில் இருந்தது நல்லகாலம் என்று முதலில் தோன்றியது. தெரு விளிம்பில் நின்றபடி நான் யோசித்தது, இதை நகரசபைக்குச் சொல்லவேண்டுமா என்பதைத்தான். அனுமதிப் படத்தில் இருப்பதை இருப்பதாக வரைய வேண்டியிருந்ததால் அந்த யோசனைக்கு வேலையில்லாமல் போயிற்று. இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேன் என்பதை நான் இங்கே எழுதாமல் விடுகிறேன்.

தடயம் முன்பே இருந்தது. 2005 ஓகஸ்ட் 19ம் திகதி இந்த நகரத்தில் பெய்த மழையில் ஃபிஞ்ச் அவெனியூ பிளாக் கிறீக் என்ற ஓடையைக் கடக்கிற இடத்தில் அப்படியே இடிந்து விழுந்தது. அன்று எங்கள் கீழ் ஷவரின் வடிகண்ணால் தண்ணீர் மேலே வந்தது. மண் நிறம், நாற்றமில்லை. அப்போது இருந்த பையனின் மெத்தை நனைந்துவிட்டது. அரை மாத வாடகையைக் குறைத்து, பெரிய மனம் பண்ணினதாக நினைத்துக்கொண்டோம். 2013 ஜூலை 8ம் திகதி மழையிலும் அப்படியே. சாக்கடை நிரம்பித் திரும்பியிருந்தால் நாறியிருக்கும், கக்கூஸாலும் வந்திருக்கும். ஷவரால் மட்டும் மழைத்தண்ணீர் வருகிறதென்றால் அது எதனோடு இணைந்திருக்கிறது என்று ஒரு சின்னப்பிள்ளை சொல்லிவிடும். நான் இரண்டு முறையும் தரையைத் துடைத்தேன்.

அந்த ஏரிக்கரையில், ஸ்காபரோவின் மேற்கு விளிம்பில், ஆர். சி. ஹரிஸ் நீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. 1941ல் இயங்கத் தொடங்கியது. மாளிகை மாதிரிக் கட்டிடம். வருகிற விருந்தாளிகளை எல்லாம் நான் கூட்டிப்போய்க் காட்டுவேன். கொழும்பில் பிறந்த மைக்கேல் ஒந்தாச்சி 1987ல் எழுதிய 'இன் த ஸ்கின் ஒஃப் எ லயன்' நாவலில் அதைக் கட்டிய கூலிகள் வருகிறார்கள், ஏரிக்கு அடியில் சுரங்கம் தோண்டுகிறவர்கள். நகரத்துக்குள் தண்ணீரைக் கொண்டுவந்தவர்களுக்கு ஒரு மகத்தான நாவல் இருக்கிறது. அந்த ஏரித் தண்ணீர்தான் எங்கள் ஷவரில் விழுந்தது. அந்த ஏரிக்குத்தான் நான் அதைத் திருப்பி அனுப்பினேன்.

தரை உடைத்த நாட்களில் பத்து மணிக்குத் தேத்தண்ணி குடிப்போம். ஒருநாள் அவர், "ஊரில உங்கட வீட்டில எப்பிடி அண்ணை, குழிதானே?" என்று கேட்டார். குழிதான் என்றேன். முதலில் குழியும் இல்லை.

எங்கள் வீடு வண்ணார்பண்ணையில். நான் சிறுவனாக இருந்தபோது கோடிப்புறத்தில் வாளிக் கக்கூஸ். அதன் பின்சுவரில் ஒழுங்கைப் பக்கமாக ஒரு சின்னத் தகரக் கதவு. விடியமுன் ஒருவர் வந்து அந்தக் கதவைத் திறந்து வாளியை எடுத்துப்போவார். தகரம் கிரீச்சிடுகிற சத்தம் படுக்கையில் கேட்கும். அவர் வளவுக்குள் வரமாட்டார். வரக்கூடாது என்பதற்காகவே அந்தக் கதவும் அந்த ஒழுங்கையும். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. அம்மம்மா அவரைச் சொல்கிற சொல்லை நானும் சொன்னேன். அதை இங்கே எழுதப் போவதில்லை. அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும் என்ற எண்ணம் எனக்கு வந்தது மார்க்சியம் படித்த பிறகு, அதுவும் ஒரு கருத்தாக.

பிறகு அப்பா குழி வெட்டித் தண்ணீர்க் கக்கூஸ் கட்டினார். யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்குவதுதான் கிணற்றுத் தண்ணீர். குழித் தண்ணீரும் அதே கல்லின் வெடிப்புகளுக்குள்தான் இறங்கும். கிணற்றுக்கும் குழிக்கும் ஐம்பதடி தூரம் வேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர் சொல்லியிருந்தார். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், கணக்கான மனிதர். கயிறு பிடித்து அளந்தார். நான்தான் ஒரு நுனியைப் பிடித்தேன். எங்கள் கிணற்றடியிலிருந்து ஐம்பதடி மேற்கு வேலியருகே வந்து நின்றது. அங்கே வெட்டினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் கிணறு. அதற்கு இருபதடி இருக்கும். அதை ஒருவரும் அளக்கவில்லை.

பிளம்பர் சிரித்தார். "எங்கட அப்பாவும் அப்பிடித்தான்" என்றார். தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

மிச்சம் வழக்கமான வேலை. ஷவரை மழைக் குழாயிலிருந்து வெட்டி, மண் குழாயின் துளையை அடைத்து, பெரிய குழாயில் சரிவு பார்த்துச் சேர்த்தார்கள். தொட்டிக்குக் காற்றுக் குழாய் ஏற்றினார்கள். வெளியே போகிற குழாயில், தண்ணீர் திரும்பி வராதபடி ஒரு அடைப்பிதழ் வைத்தார்கள். பரிசோதகர் வந்து, குழாயில் தண்ணீர் நிரப்பிப் பார்த்து, கையெழுத்துப் போட்டார். மூடினார்கள். சுவருக்குள் 1973ம் ஆண்டு ஆங்கிலப் பத்திரிகை ஒன்று குளிருக்கு அடைத்தபடி இருந்தது. ஆகவே கட்டினவன் அந்தக் காலத்தவன். அவனும் வாடகைக்கு விடத்தான் கட்டியிருப்பான்.

பிளம்பரின் பென்சில் படத்தை நான் திருத்தமாகப் பிரதி எடுத்து, நாள் போட்டு, தண்ணீர் மீற்றர் பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறேன். உலைக்குப் பின்னால் ஒரு இரண்டங்குல இரும்புக் குழாய் தரையிலிருந்து எழும்பி முழங்கால் உயரத்தில் வெட்டுப்பட்டு நிற்கிறது. சாயமும் ஓடவில்லை, கமெராவும் நாலடிக்கு மேல் போகவில்லை. அதற்கு மூடி போட்டுவிட்டு, படத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறோம்.

மட்டக்களப்புக்காரரின் தொலைபேசி எண் பழைய வாடகைக் கொப்பியில் இருந்தது. மாறியிருக்கும் என்ற நம்பிக்கையில் எடுத்தேன். மாறவில்லை. இப்போது ஏஜக்ஸில் வீடு வாங்கியிருக்கிறாராம், பிள்ளைகள் இரண்டு. சுகம் விசாரித்து முடிந்ததும் விஷயத்தைச் சொன்னேன். காற்றுக் குழாய், வளைவு, மேலே தண்ணீர் அடித்தால் கீழே உறிஞ்சுவது எல்லாம் சொன்னேன். தேவைக்கு மேலே விளக்கியிருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "அதெல்லாம் எந்தக் காலத்துக் கதை, அண்ணே" என்றார். நான் வேறேதோ சொல்லிப் பேச்சை முடிக்கப் பார்த்தேன். அப்போது அவர் கேட்டார்:

"அப்ப, மீன் இல்லையா?"

இல்லை என்றேன்.